பன்னிரண்டு டிஸ்குக்கு ஒரு பெட்டி

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஸ்டூடியோவில் ஈ ஓட்டலாம். போன வருடம் இந்த மாதத்தில் சுவருக்குப் பெயின்ட் அடித்தோம். இந்த வருடம் சுவரையே இடிக்கப் போகிறார்கள். தனுஷ்கோடி அண்ணாச்சி ஓய்வு எடுக்கிறார். மகன் பிரேம்குமார் கண்ணாடி முகப்பு, ட்ரோன், புதுப் பெயர்ப் பலகை என்று திட்டம் வைத்திருக்கிறார். அவரை அண்ணே என்றால் முகம் சுளிப்பார். சார் என்று கூப்பிட வேண்டும்.

பின் அறையில் ஒரு சேலைப் பெட்டி நிறைய பழைய ஹார்டு டிஸ்குகள் கிடக்கின்றன. பன்னிரண்டு. அருப்புக்கோட்டையில் பதினைந்து இருபது வருடமாக நடந்த கல்யாணங்கள் அத்தனையும் அதில்தான். சார் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடச் சொன்னார்.

"எடைக்குப் போடுறதுக்குப் பதிலா எனக்குக் குடுங்க சார்."

"உனக்கு எதுக்கு மாரி?"

"தை மாசம் காலனில ஸ்டூடியோ போடுறேன்."

சிரித்தார். "காலனிக்கு எதுக்கு ஸ்டூடியோ? போன்ல எடுத்து போன்லயே பாத்துக்கிறாய்ங்க."

அண்ணாச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "சும்மா தூக்கிட்டுப் போக முடியாது. எங்க தெருப் பொம்பளைக கல்யாணமெல்லாம் அதுல இருக்கு. அது காலனில கிடந்தா நான் வீடு வீடாப் பதில் சொல்லணும். எடிட் பண்ணின படத்தை மட்டும் புது டிஸ்குல ஏத்திக் குடு. மிச்சத்தை நீயே அழி. அழிச்ச டிஸ்கு உனக்கு."

"ஸ்டூடியோ மெஷினைத் தொடாத," என்றார் சார். "ரெண்டு ரெண்டா மாட்டிக்கிட்டு இருந்தா அடுத்த புரட்டாசி வந்துரும். பன்னிரண்டையும் ஒண்ணா மாட்டுற மாதிரி பெட்டியக் கொண்டு வா. ஐப்பசி பொறக்கும்போது இடிக்க ஆள் வருது. அதுக்குள்ள முடிக்கலேன்னா இரும்புக்குத்தான்."

சரி என்றேன்.

அவர்களிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இந்த ஸ்டூடியோவில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ஃபோல்டர். காலனிக் கல்யாணம் என்றால் பெயருக்கு முன்னால் ஒரு C. டிஸ்கு நிரம்பினால் அண்ணாச்சி குரல் கொடுப்பார்: "சியைக் கழி." சி தீர்ந்தால் M, பள்ளிவாசல் தெரு. மற்றவை இருக்கும். போன வருடம் எங்கள் தெரு பேச்சியக்கா வந்து நின்றாள். லாரி ஏறிச் செத்த புருஷனின் குரல் கல்யாண வீடியோவில் எங்காவது இருக்குமா என்று கேட்டாள். எடிட் செய்த படத்தில் பாட்டுதான் இருந்தது. குரல் இருந்த மூலப் பதிவு எப்போதோ கழிந்துவிட்டது.

இப்போது அவர்கள் தெருவின் கல்யாணத்தையெல்லாம் ஒரு காலனிக்காரி உட்கார்ந்து அழிக்கப் போகிறேன். அதே டிஸ்கில் எங்கள் கல்யாணங்களை நிரப்பப் போகிறேன். நினைக்கவே நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். மில் ஷிப்டு முடிந்து வந்து பஞ்சைத் தலையிலிருந்து உதறிக்கொண்டிருந்தாள்.

"கரண்டு சாமானாடி?"

"கம்ப்யூட்டர் பெட்டிம்மா."

"அதுவும் கரண்டுதான்."

எங்கள் வீட்டில் மிக்ஸி இல்லை. சுவிட்சு போடுவதும் அணைப்பதும் நான்தான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மதுரை போனேன். கம்ப்யூட்டர் கடைத் தெரு முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். பச்சை, ஊதா, சிவப்பு என்று உள்ளே விளக்கு ஓடுகிறது. ஆடி மாத அம்மன் கோயில் போல இருக்கிறது.

"கேமிங்கா மேடம்?"

"ஹார்டு டிஸ்கு எத்தனை மாட்டலாம்?"

"ரெண்டு."

"எனக்குப் பன்னிரண்டு."

கடைப் பையன் சத்தமாகவே சிரித்தான். "இப்ப யாரு மேடம் ஹார்டு டிஸ்கு மாட்டுறா? எல்லாம் கிளவுடு."

"மாசாமாசம் கட்டுறத நிறுத்தினா?"

"அழிச்சிருவான்."

"அதுக்கு எங்க முதலாளியே போதும்."

அடுத்த கடையில் நான்கு டிஸ்கு மாட்டும் பெட்டி ஒன்று இருந்தது. முன்பக்கம் பிளாஸ்டிக், தகடு அப்பளம் போல. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. இன்னொரு கடையில் கம்பெனிகளில் வைக்கும் படுக்கைப் பெட்டியைக் காட்டினார்கள். பன்னிரண்டும் மாட்டலாம். ஆனால் மின்விசிறியைப் போட்டதும் கடைக்காரரும் நானும் கத்திப் பேச வேண்டியிருந்தது. எங்கள் வீடு ஒரே அறை. இதை வைத்தால் அம்மா மில்லிலேயே தூங்கிக்கொள்வாள்.

ஒவ்வொரு கடையிலும் நான் கேட்ட இன்னொரு கேள்வி: "பாடிக்கு எர்த் சரியா வருதா?" டெஸ்டரைப் பையிலேயே எடுத்துப் போயிருந்தேன். ஒருவர் என்னை மின்வாரியத்திலிருந்து வந்தவள் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். "புதுசுல தேடாதம்மா. அந்தக் காலத்துல பாட்டு சிடி காப்பி போடுற டவர் இருந்துச்சு. ஆள் உசரம். மேல இருந்து கீழ வரைக்கும் வாய் வாயா இருக்கும், ஒவ்வொரு வாயிலயும் ஒரு ரைட்டர். அந்த வாயில டிஸ்கு மாட்டலாம். கனத்த தகடு. உங்க ஊருலயே எவனாச்சும் மூலையில போட்டிருப்பான்."

செப்டம்பர் 23, திங்கள்

காலனி டிரான்ஸ்ஃபார்மர் மறுபடியும் புகைந்தது. மனு எழுதினேன். போன மனுவையே தேதி மாற்றிக் கொடுத்திருக்கலாம்.

செப்டம்பர் 25, புதன்

டவர் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காஜா மைதீன் பாய் கடை. ஒரு காலத்தில் பாட்டு சிடி போட்டார். இப்போது போன் உறை விற்கிறார். டவரைப் படுக்கப்போட்டு, மேலே மெத்தை விரித்து, கல்லா முன்னால் ஆசனமாக வைத்திருக்கிறார்.

"எந்திரிங்க பாய், பாக்கணும்."

"கடை ஓனரை எந்திரின்னு சொல்ற மொத ஆளு நீதாம்மா."

மெத்தையைத் தூக்கினேன். பதினோரு வாய். தகடு பீரோ கனம். தட்டினால் டங்கென்று நிற்கிறது. பின்னால் மூன்று முள் பிளக்கு. முள்ளிலிருந்து தகட்டுக்கு எர்த் ஓடுகிறதா என்று அங்கேயே சோதித்தேன். ஓடுகிறது. பழைய சாமான் என்றாலும் எவனோ மனசாட்சியோடு செய்திருக்கிறான்.

"குடுத்துருங்க பாய்."

"இது என் சிம்மாசனம்."

"நல்ல நாற்காலி ஒண்ணு வாங்கித் தாரேன்."

"நாற்காலி வேணாம். நீ அந்த ஸ்டூடியோவுலதான இருக்க? என் நிக்காஹ் வீடியோ வேணும். ரெண்டாயிரத்து நாலு. என் கேசட்டு பூசணம் பூத்துப் போச்சு. ஸ்டூடியோவுல கேட்டா இல்லேன்னுட்டாக."

"எதுக்கு இப்ப?"

வயிற்றைத் தட்டிக் காட்டினார். "நான் ஒல்லியா இருந்தேன்னு சொன்னா என் மக நம்ப மாட்டேங்குறா. அவ அம்மாவும் வேணும்னே ஞாபகம் இல்லைங்குறா. வீட்டுல எனக்கு மரியாதையே போச்சு."

நிக்காஹ் கிடைத்தால் டவர் எனக்கு. கை அடித்துக்கொண்டோம்.

செப்டம்பர் 28, சனி

சார் ட்ரோன் வாங்கச் சென்னை போயிருக்கிறார். ஸ்டூடியோ மெஷினில் பாயின் நிக்காஹைத் தேடினேன்.

பாய் சொன்ன வருடத்தில் எல்லாம் டேப். டேப் ஓடும் கேமராவை விற்பதற்கு முன்னால் அண்ணாச்சி அத்தனை டேப்பையும் அப்படியே டிஸ்கில் இறக்கி வைத்தார். டேப் எண் மட்டும்தான், C, M எதுவும் கிடையாது. அதனால்தான் பிழைத்துக் கிடக்கின்றன. ஆனால் எந்த டிஸ்கில்? ஒட்டியிருந்த சீட்டெல்லாம் உதிர்ந்துவிட்டது.

சந்தனத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அண்ணாச்சி வீட்டம்மா கேமராவுக்கு, லைட்டுக்கு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைக்கும்போது டிஸ்குகளுக்கும் வைப்பார். பழைய பொட்டைத் துடைக்க மாட்டார், அதன் மேலேயே வைப்பார். எந்த டிஸ்கில் சந்தனம் தடித்துப் பாறையாகிக் கிடக்கிறதோ அதுதான் மூத்தது. டிஸ்கில் மூச்சு விட ஒரு சின்னத் துளை உண்டு, மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். பொட்டு வைக்கத் தோதான இடம் என்று அந்தத் துளையின் மேல்தான் எல்லாப் பொட்டும். ஊக்கை வைத்துச் சுரண்டினேன். தேங்காய் உடைத்து மூச்சையும் அடைக்கிற பக்தி.

தடித்த சந்தனக்காரர்கள் இரண்டு பேரை மாட்டினேன். நிக்காஹ் கிடைத்தது. பாய் உண்மையிலேயே ஒல்லி.

டேப்பின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை வருகிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கண் எரிச்சல். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கினேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

அந்தக் காலக் கேமராவுக்கு வெள்ளை எது என்று தானாகத் தெரியாது. ட்யூப் லைட்டுக்கு ஒரு நிறம், ஃபோகஸ் லைட்டுக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம். ஒவ்வொரு இடத்திலும் படம் எடுக்கும் முன் வெள்ளையாக எதையாவது கேமரா முன் நிறுத்தி ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். 'இதுதான் வெள்ளை' என்று அது கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பட்டு பட்டின் நிறத்தில் வரும், மஞ்சள் மஞ்சளாக வரும். சிலர் காகிதம் காட்டுவார்கள். அண்ணாச்சி லைட் பிடிக்கிறவரின் சட்டையைக் காட்டியிருக்கிறார்.

திரை முழுக்கச் சட்டை, நீலம் பாய்ந்து தெரிகிறது. அண்ணாச்சியின் இளவயதுக் குரல்: "சோலை, வெள்ளைக்கு நில்லுய்யா."

"நிக்கிறேன் அண்ணாச்சி."

சட்டை வெள்ளையாகிறது. கேமரா கொஞ்சம் பின்னால் வருகிறது. தோளில் லைட், கழுத்தைச் சுற்றி வயர், ஓர் ஆள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். வெட்டு. அடுத்தது நிக்காஹ்.

சோலைமலை. என் அப்பா.

வீட்டில் அவருடைய படம் ஒன்றுதான் இருக்கிறது, வாக்காளர் அட்டையில் இருப்பது. அதில் இருப்பது மனிதன் என்பது மட்டும் தெரியும். குரலை நான் மறந்துபோயிருந்தேன். மறந்தது அது வந்தபோதுதான் தெரிந்தது.

லைட் பிடிக்கிறவன் எந்தக் கல்யாண வீடியோவிலும் இருக்க மாட்டான். வெளிச்சம் அவன் கையில், அவன் வெளிச்சத்துக்குப் பின்னால். எடிட் செய்யும்போது முதலில் வெட்டி எறிவதே இந்த வெள்ளைத் துண்டுகளைத்தான். மூலப் பதிவில் மட்டும் இருக்கும். ஒவ்வொரு டேப்பின் தலையிலும் இருக்கும். அண்ணாச்சி தெருவின் அத்தனை கல்யாணத்துக்கும் முன்னால் எங்கள் அப்பா நிற்கிறார். அவர்கள் தங்கள் கல்யாணங்களைப் பத்திரப்படுத்தியபோது அவரையும் சேர்த்தே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள், தெரியாமல்.

அதைத்தான் நான் சந்தோஷமாக அழிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

பாய்க்கு நிக்காஹைப் பென் டிரைவில் கொடுத்தேன். கடையிலேயே போட்டுப் பார்த்தார். மகளை போன் போட்டு வரவழைத்தார். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது சித்தப்பா மாதிரி இருக்கு அத்தா."

மெத்தையைச் சுருட்டிக்கொண்டு டவரை என் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போம்மா. எனக்குச் சிம்மாசனம் ஒரு கேடு."

அக்டோபர் 4, வெள்ளி

அண்ணாச்சி தனியாக இருந்தார். கேட்டேன்.

"டேப் காலத்துல வெள்ளைக்கு யாரை நிறுத்துவீங்க?"

பேப்பரை மடித்தார். "சோலையத்தான்."

"காகிதம் காட்டலாமே."

"காகிதம் கசங்கிரும். உங்கப்பன் சட்டை கசங்காது. அவ்வளவு சுத்தமா வருவான்." மடித்த பேப்பரை விரித்தார். "எதுக்கு இப்ப?"

"அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தத் துண்டுகள மட்டும் எடுத்துக்கிறேன்."

"அதுல எங்க தெருப் பொம்பளைக யாரும் வர மாட்டாகளே?"

"யாரும் வர மாட்டாங்க. எங்கப்பா மட்டும்தான்."

"அப்ப எடுத்துக்க. வேஸ்டுதான அது."

வேஸ்ட். பதில் சொன்னால் சம்மதம் போய்விடும். மேசையில் பேப்பர் வெயிட்டாக ஒரு பழைய லென்ஸ் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கேட்காமல், தலைகீழாக வைத்துவிட்டு வந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அக்டோபர் 6, ஞாயிறு

டவர் உள்ளே கம்ப்யூட்டர் போர்டு மாட்ட இடம் இருக்கிறது, ஆனால் திருகுத் துளை இல்லை. பீரோப் பட்டறையில் வேலை பார்க்கும் குருந்தன் மாமாவிடம் தூக்கிப் போனேன். துளை போட்டுவிட்டு, "ஒரு கண்ணாடியும் பூட்டும் வச்சித் தரவா? சீதனமாக் குடுக்கலாம்" என்றார்.

"சீதனம் யாருக்கு?"

"ஏன், பெட்டி இருக்கு, மாப்பிள்ளைதான பாக்கி."

"பன்னிரண்டு டிஸ்கோட குடும்பம் நடத்துற மாப்பிள்ளையாப் பாருங்க."

பதினோரு வாய், பன்னிரண்டு டிஸ்கு. மிச்சம் ஒன்றுக்கு அடித்தட்டில் துளை போட்டு வாங்கினேன். இரும்புத் தூள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது என்று துணியால் துடைத்து, ஊதி, காந்தம் வைத்து எடுத்தேன். கூடுதல் இணைப்புக்கு ஒரு கார்டு மதுரையிலிருந்து பார்சலில் வருகிறது.

எர்த் கம்பியைப் புதிதாகப் போட்டேன். பச்சை வயர், தடித்தது. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கப்பன் லைட்டுக்கு இந்தப் பச்சை வயர் இருந்திருந்தா," என்று ஆரம்பித்தார்.

"தெரியும் மாமா."

அவர் பிடித்த லைட்டுக்கு இரண்டு வயர்தான். நடுவில் இன்சுலேஷன் சுற்றிய ஒட்டு. மில் முதலாளி மகள் கல்யாணம். மண்டபத்தில் காலைப் பந்தி முடிந்து தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். அப்பாவின் காலில் செருப்பு இல்லை. மேடைக்குக் கீழே நிற்கிற காலனிக்காரன் செருப்போடு நிற்க முடியாது. எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா விழுந்ததற்காக முகூர்த்தத்தை நிறுத்தவில்லை. வேறு ஆள் வேறு லைட்டைப் பிடித்தான்.

இதற்கு மேல் இன்றைக்குப் போதும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. டவரை பாயின் நண்பர் ஆட்டோவில் ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனேன். பின் அறையில் நிறுத்தினேன். சார் பார்த்தார்.

"என்ன மாரி இது, பீரோவா?"

"ஆமா சார். சேலை மட்டும் வைக்க முடியாது."

"கொஞ்சம் லட்சணமா வாங்கக் கூடாது?"

"லட்சணமானதுல ரெண்டு பேருக்குத்தான் இடம் சார்."

அண்ணாச்சி வீட்டம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். டிஸ்குகள் வரிசையாக வாயில் ஏறி நிற்பதைப் பார்த்து, "அட, கொலு மாதிரி இருக்கே" என்றார். பொட்டைப் பெட்டியின் நெற்றியில் வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மூச்சுத் துளையைச் சொன்னேன். முகம் வாடிப்போனது. "இத்தனை வருசமா நான்தான் அடைச்சேனா?" அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பொட்டு வைக்காமலிருந்தால் எது மூத்தது என்று எனக்குத் தெரிந்திருக்காது. அதையும் சொன்னேன்.

மூன்று முள் பிளக்கைச் செருகிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. டிஸ்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலத் தொடங்கின. பதினொன்று ஓடுகிறது. அடித்தட்டில் மாட்டியது மட்டும் ஓடவில்லை.

பதினோரு டிஸ்கையும் தாங்கிக்கொண்டு பெட்டி அதிராமல் நிற்கிறது. மதுரையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி எதுவும் இதைச் செய்யாது. நான் தேடி, நான் துடைத்து, நான் எர்த் போட்டது.

அக்டோபர் 14, திங்கள்

எடிட் செய்த படங்கள் புது டிஸ்குக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. ஏறட்டும். அந்த நேரத்தில் டேப்புகளின் தலையை மட்டும் வெட்டி எடுக்கிறேன்.

சட்டை, சட்டை, சட்டை. மண்டபம் மாறுகிறது, பின்னால் இருக்கும் வாழைமரம் மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. சில டேப்பில் முகம் இல்லை, பொத்தான் வரிசை மட்டும். சிலவற்றில் பேசுகிறார்: "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" "இந்தப் பக்கம் வயர் பத்தல." ஒன்றில் யாரோ பின்னாலிருந்து, "என்னடா, வெள்ளையும் சொள்ளையுமா, மாப்பிள்ளை நீயா?" என்கிறான். சுற்றிலும் சிரிப்பு. அப்பா திரும்பவில்லை. சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்து நிற்கிறார். அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் காலனிக்காரன் வெளுத்த சட்டை போட்டால் கேள்வி வரும். அதைக் கழற்று என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. கேமராவுக்கே அந்தச் சட்டை தேவைப்பட்டது.

ஒரு துண்டில் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையின் கை தெரிகிறது. கண்ணாடி வளையல். கை மட்டும்தான். அது யாருடைய கை என்று எழுத வேண்டிய அவசியமில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

மில் முதலாளி மகள் கல்யாணம். டேப் எண் என்னிடம் இருந்தது. நான் கேட்காமலே அண்ணாச்சி சீட்டில் எழுதி மேசையில் வைத்திருந்தார்.

"சோலை, நில்லு."

"நின்னுட்டேன் அண்ணாச்சி."

புதுச் சட்டை. சிரிப்பு கொஞ்சம் கூடுதல். வெள்ளை சரியானதும் துண்டு முடிகிறது. அந்த இடத்தில் வெட்டினேன். அதற்குப் பிறகு டேப்பில் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதில் எங்கேயோ வெளிச்சம் போய்த் திரும்ப வரும். பார்க்கவில்லை. அவர் நின்றது என்னிடம் இருக்கிறது. விழுந்ததை அவர்களோடு சேர்த்து அழித்தேன்.

சார் வந்து கேட்டார்: "எல்லாம் போச்சா?"

"போச்சு சார். உங்க தெரு ஆளுக ஒருத்தர்கூட இல்ல."

"ஓடாத டிஸ்கு?"

"அதையும் எடுத்துக்கிறேன்."

"ஓடாததை வச்சு என்ன செய்வ?"

"மாட்டி வைப்பேன்."

என் அப்பா மொத்தமும் ஒரு டிஸ்கின் மூலையில் அடங்கிவிட்டார். ஒரு கல்யாணத்தின் பந்தி பிடிக்கிற இடம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. மிச்சமெல்லாம் காலி. அவ்வளவு பெரிய பெட்டியும் காலி. இந்தக் காலி இடத்துக்காகத்தான் நான் இதைத் தேடினேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி பிறந்தது. ஸ்டூடியோச் சுவரை இடிக்கும்போது பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது. குளிர்சாதனப் பெட்டி என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்துவிட்டாள். தண்ணீர் கேட்டு வந்தாள்.

அம்மாவை உட்கார வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் போட்டேன்.

முதல் சட்டை வந்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். முகம் வரும் வரைக்கும் காத்திருக்கவில்லை. "இது சித்திரைல எடுத்தது. அன்னைக்கி நீலம் கூடிப்போச்சு. வைதாக." அடுத்த சட்டை. "இந்தக் காலரு நான் திருப்பித் தைச்சது." அடுத்தது. "இது உன் மாமா எடுத்துக் குடுத்தது." ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு வருடம் சொன்னாள். தேதி இல்லாத துண்டுகளையெல்லாம் அவள் சொன்ன வரிசையில் அடுக்கினேன். ஒரு மாதமாகச் சந்தனத்தைச் சுரண்டிக் கண்டுபிடித்ததைவிட வேகம்.

குரல் வந்ததும் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

கடைசித் துண்டு முடிந்ததும் நான் அணைக்கப் போனேன். "இரு," என்றாள். எழுந்துபோய்ப் பெட்டியின் தகட்டில் கை வைத்தாள். உள்ளங்கை முழுக்க வைத்தாள். எடுக்கவில்லை.

"ஒண்ணும் செய்யலையே."

"செய்யாதும்மா. எர்த் போட்டிருக்கேன்."

பிறகு அவளே சுவிட்சை அணைத்தாள்.

அக்டோபர் 18, வெள்ளி

பழைய ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தை வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

நவம்பர் 8, வெள்ளி

முதல் கல்யாணம். பேச்சியக்காவின் தங்கைக்கு. மண்டபம் இல்லை, தெருவில் பந்தல். கேமரா வாடகைக்கு எடுத்தது. பெட்டியில் முதல் வாய் தயாராக இருக்கிறது.

இப்போதைய கேமராவுக்கு வெள்ளையைத் தானாகவே கண்டுபிடிக்கத் தெரியும். அந்த வசதியை அணைத்தேன்.

பெண்ணின் சித்தப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நகராட்சியில் சாக்கடை வேலை. வெளுத்த சட்டை, பெட்டி மடிப்பு கலையவில்லை.

"சித்தப்பா, வெள்ளைக்கு நில்லுங்க."

"என்னத்துக்குத்தா?"

"கேமராவுக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாது. நீங்கதான் காட்டணும்."

"என் சட்டையையா? ஏத்தா, மாப்பிள்ளை சட்டை புதுசு, அதைக் காட்டு."

"உங்க சட்டைதான் வேணும்."

காலரைச் சரிசெய்தார். வாயைத் துடைத்தார். திரை நிறையச் சட்டை. பொத்தானை அமுக்கினேன். கேமராவைப் பின்னால் இழுத்து முகத்தையும் எடுத்தேன்.

"பேரு சொல்லுங்க சித்தப்பா."

"அதையுமா எடுக்குது?"

"எடுக்குது. அழியாது."

"குருவையா." யோசித்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேளக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னார். "மாடசாமி மகன் குருவையா."

பந்தல் சிவப்பு சிவப்பாகவும், மஞ்சள் மஞ்சளாகவும் வந்தது. அதற்குப் பிறகுதான் பெண்ணை அழைத்து வரச் சொன்னேன்.